உன் கம்ப்யூட்டரைக் கொன்றது யார் என்று சொல்கிறேன், கேள்

டேய், இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். இந்த டெல்லியில், மோதி பாக் ஸ்கூலில் பத்தாவது வரை தமிழ் படித்தவன் நீ. இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க உனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். இருபது நாளாக என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்து போகிறாயே, அதற்கு இந்த ஒரு மணி நேரம் ஈடாகாது. வாய்ஸ் நோட் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். எழுத்தை அப்படி ஓடவிட முடியாது. நலமா என்றெல்லாம் விசாரிக்கமாட்டேன். அடுத்த அறையில்தான் இருக்கிறாய், நீ மூக்கை உறிஞ்சுவதுவரை இங்கே கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ புனே ரயில் ஏறுகிறாய். முதல் வேலை. அனிமேஷன் கம்பெனி. முதல் ஆறு மாதம் சொந்த மெஷினில்தான் வேலை செய்யவேண்டும் என்று அவர்கள் அனுப்பிய மெயிலில் எழுதியிருக்கிறது. சேருகிற அன்றைக்கு மெஷின் இல்லாமல் போய் நின்றால் அந்த நாற்காலியில் வேறு ஒருவன் உட்காருவான். இது தெரிந்தும் நீ போன வாரம் உன் சிநேகிதன் மன்ப்ரீத்திடம் போனில் என்ன சொன்னாய்? "அந்த மெஷினா? அரே நஹி, அது அம்மாவோடது. நான் தொடக்கூட மாட்டேன்." அடுப்படியில் குக்கர் விசில் நின்றிருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மன்ப்ரீத்தின் பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போகப்போகிறாயாம். அதில் உன் சாஃப்ட்வேர் திறப்பதற்குள் புனேயில் மழைக்காலம் முடிந்துவிடும். டேய், அந்த மெஷினை நீ எடுத்துக்கொண்டு போகவேண்டும். இந்தக் கடிதம் அதற்காக மட்டும்தான். கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே, சண்டை போடுகிறேன். தமிழில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களின் ஆன்லைன் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன், ஏனென்றால் உன்னை நான் அவமானப்படுத்தியது அங்கேதான்.

குழுவில் புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீயும் கேள். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து இந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். இருபதில் நீ. உனக்கு வகுப்பெல்லாம் ஆன்லைனில் நடந்த காலத்தில் ஒருநாள் நம் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. மார்க்கெட்டிலிருந்து வந்த ரிப்பேர்க்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், "ஃபேங்க் தோ ஜி" என்றார். தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! போனில் மதுரைப் பையன் ஒருவனின் வீடியோவைப் போட்டுக்கொண்டு, உன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, ரேமைக் கழற்றி அதன் தங்கநிற ஓரத்தைத் தேய்தேய் என்று தேய்த்து மாட்டினேன். திரை வெளிச்சம் வந்தது! நான் ஹாலிலிருந்து பால்கனிவரை ஓடினேன். நீயும் என் பின்னால் குதித்துக்கொண்டே ஓடிவந்தாய். மறந்திருந்தால் மறந்துபோ. நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் பார்க்காத வீடியோ இல்லை, படிக்காத விவாதம் இல்லை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் மதர்போர்டுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பழைய பாகங்களாகத் தேடி வாங்கி எனக்கென்று ஒரு மெஷினே கட்டினேன். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்துகொண்டதை அடுத்தவன் தலையில் கொட்டாவிட்டால் தூக்கம் வராது. என் கைக்கு எட்டின தலை உன்னுடையது.

காலேஜ் முடிகிற நேரத்தில் உனக்குச் சொந்தமாக ஒரு மெஷின், உன் முதல் மெஷின் என்று முடிவானதும் நான் லிஸ்ட் போட ஆரம்பித்தேன். நீ உன் தேவையைச் சொல்வதற்கு முன்னால் நான் மூன்று லிஸ்ட் எழுதிவிட்டேன். குறைந்த பட்ஜெட்டில் கட்டுகிறவர்கள் எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குவார்கள். நான் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குவேன். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. வெளியே தெரியாது, யாரும் பாராட்டமாட்டார்கள், அது சரியில்லாவிட்டால் மற்ற எல்லாம் குப்பை. நம் காலனியில் ஏப்ரல் பிறந்தால் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்று உனக்குத் தெரியாதா? நீ என்ன சொன்னாய்? "அம்மா, எனக்கு ரேம் ஜாஸ்தி வேணும். ரெண்டரிங்ல, படம் உருவாகி வர்றப்போ, மெஷின் அட்கி நிக்குது. அப்புறம் கண்ணாடி கேபினெட் வேணும், பிளீஸ் ந." ரேம் விஷயத்தில் நீ சொன்னது சரி. வேலை செய்யப்போகிறவன் நீ, உனக்குத்தான் தெரியும். நான் காதில் வாங்கவில்லை. "ஏல, ரேம் பொறவு போட்டுக்கிடலாம், எடம் இருக்குல்லா" என்று அடைத்துவிட்டேன். கண்ணாடி கேபினெட் விஷயத்தில் நீ முட்டாள், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வெளிச்சம் போடுகிற ஃபேன் நான்கு வாங்கினால் ஒரு படம்கூட வேகமாக வராது.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் அந்தக் கடையில் நடந்தது நினைவிருக்கிறதா? நான் எஸ்எம்பிஎஸ்ஸின் வாரண்டி எத்தனை வருஷம், சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று கேட்கக் கேட்க, கடைக்காரர் உன்னைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில் ஒரு ஸ்டூலைக் காட்டி, "ஆண்டிஜி, ஆப் பைட்டியே, சாய் பீஜியே" என்றார். உட்கார்ந்து டீ குடிக்கச் சொல்கிறார், பேச்சை ஆண்கள் பார்த்துக்கொள்வார்களாம். நீ சிரித்தாய். அவரோடு சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பில்லோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த நாளே நீ மன்ப்ரீத்தோடு அதே கடைக்குப் போய் நான் பார்த்துப் பார்த்து வாங்கின எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மட்டமானதையும் உன் கண்ணாடி கேபினெட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாய். "கடைல ஸ்டாக் மாறிப்போச்சுமா, இதுவும் சேம் தான்" என்றாய். பச்சைப் பொய். கையில் எடுத்ததுமே தெரிந்தது, எடையே இல்லை. காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

ஆனால் தெரிந்தபிறகு நான் என்ன செய்தேன்? இங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது. அன்றைக்கே உன்னை உலுக்கிக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் எல்லா டப்பாக்களும் வந்து ஹாலில் அடுக்கியிருந்தன, என் கை அரித்துக்கொண்டிருந்தது. நீ காலேஜில் ஏதோ சர்ட்டிபிகேட் வாங்கப் போயிருந்தாய். சாயங்காலம் வந்து சேர்ந்து கட்டலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் காத்திருக்கவில்லை. பத்தரை மணிக்குச் சும்மா பார்க்கலாம் என்று ஒரு டப்பாவைத் திறந்தேன். ஒரு மணிக்கு பிராசஸர் உட்கார்ந்துவிட்டது. மூன்று மணிக்கு ஃபேன் சுற்றியது. நீ வந்து கதவைத் திறந்தபோது உன் முதல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாகிவிட்டது, நாற்பது பேர் கைதட்டி முடித்தாகிவிட்டது. நீ பையைக்கூட இறக்காமல் நின்றாய். "அச்சா. முடிச்சிட்டியா" என்றாய். அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு மே மாதம். குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டார், கண்ணாடி கேபினெட் சூடாகுமே, நல்ல காற்றோட்டத்தில் வைத்திருக்கிறீர்களா என்று. அவர் ஊரில் காற்று என்றால் ஜன்னல், இல்லாவிட்டால் சீலிங் ஃபேன். நம் வீட்டில் வெயில் காலத்துக் காற்று என்றால் என்ன? கூலர். ஜன்னலில் உட்கார்ந்து, தண்ணீர் தொட்டியும் புல்தட்டியுமாக உறுமிக்கொண்டு ஈரக்காற்று அடிக்கும் அந்தத் தகரப் பெட்டி. நான் மேசையை இழுத்து மெஷினைக் கூலருக்கு நேர் எதிரே வைத்தேன். கண்ணாடிக் கதவையும் கழற்றிவிட்டேன், உள்ளே நன்றாகக் குளிரட்டும் என்று! உங்கப்பா திவானில் வேர்வையில் ஊறிக்கொண்டே, "ஏட்டி, பெத்த பய பொழுக்கத்துல கெடக்கான், கெட்டினவன் வேர்த்து வழியுதான், பெட்டிக்கு மட்டும் ராஜ உபசாரமா?" என்றார். நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து நீ கீபோர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, எல்லாம் சிப்சிப்பா இருக்கு. நமி வருது. இடத்த மாத்தலாமா?" என்று கேட்டாய். ஈரம் ஏறுகிறது என்று சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. "ஏல, நான் படிச்சிருக்கேன்ல, நீ சும்மா கெட."

மூன்றே வாரம். வெளியே லூ காற்று அனலாக அடித்த ஒரு மத்தியானம், நீ ஒரு படத்தை ரெண்டர் போட்டிருந்தாய், டப்பென்று எல்லாம் அணைந்தது. திரும்ப வரவில்லை. புனேயிலிருந்து வேலைக் கடிதம் வந்து நான்காவது நாள். நீ வெளிறிப்போய் நின்றாய். நான் என்ன செய்தேன்? உன் தோளைத் தொடவில்லை. "கண்டேன்ல! அந்தப் பொக்கு எஸ்எம்பிஎஸ்!" என்று கத்தினேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இருபது நாள் ஆனது. அதே சூட்டில் குழுவில் எழுதினேன். என் வீட்டு மேதாவி, அம்மா வாங்கியதை மாற்றிக் கலர் லைட் வாங்கிய கதை என்று. மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் உன் போட்டோவை எடுத்து, நீ எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாலை போடுகிற மாதிரி படம் செய்தார். நான் அதற்கு ஒரு சிரிப்பு போட்டேன். நீயும் அந்தக் குழுவில் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமலா? தெரியும். கடையில் நீ சிரித்தாயே, அதற்குப் பதில் என்று மனதுக்குள் ஒரு மூலையில் இருந்தது. கேவலம்தான். பெற்றவளுக்குக் கேவலம் வராது என்று யார் சொன்னது?

போன வியாழக்கிழமை மதர்போர்டைக் கழற்றி, மற்ற பாகங்களையும் பையில் போட்டுக்கொண்டு வாரண்டிக்கு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கண்ணில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். பத்து நொடிகூட ஆகவில்லை.

"ஆண்டி, இஸ்மே பானி கயா ஹை. வாரண்டி நஹி மிலேகி."

தண்ணீர் போயிருக்கிறதாம், வாரண்டி கிடையாதாம். நான் விடுவேனா? என் வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எஸ்எம்பிஎஸ் மட்டம், அதனால்தான் போனது என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் இந்தியில் கொட்டினேன். அவர் பொறுமையாக லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டு செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், ரேம் வரிசைக்குக் கீழே, வெள்ளையாகப் பொருபொருவென்று உப்பு. அதன் நடுவில் பச்சை. நம் குளியலறை வாளியில் படிகிறதே, கூலரின் தட்டியில் ஒவ்வொரு வருஷமும் சுரண்டி எடுக்கிறேனே, அதே உப்பு.

"கூலர் கே சாம்னே ரக்கா தா, ந?" என்றார். கூலர் முன்னால் வைத்திருந்தீர்களா என்ற கேள்வி அது, ஆனால் கேட்கிற மாதிரி இல்லை. பதில் தெரிந்தவர் மாதிரி இருந்தது. "ஹர் ஜூன் மே தஸ் பாரா ஆத்தே ஹை" என்றார், ஒவ்வொரு ஜூனிலும் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்களாம். நான் எஸ்எம்பிஎஸ் என்று மறுபடி வாயெடுத்தேன். அதையும் வாங்கி மாட்டிச் சோதித்துக் காட்டினார். மட்டமானதுதான், ஆனால் உயிரோடு இருக்கிறது. உன் கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் ரேமும் உயிரோடு இருக்கின்றன. செத்தது போர்டு ஒன்றுதான். கொன்றவள் நான்.

கோயம்புத்தூர்க்காரருக்கும் மதுரைப் பையனுக்கும் இது தோன்றாது. அவர்கள் வீட்டில் இந்தக் கூலர் கிடையாது. இந்தக் கடைத்தெருவில் எந்தப் பொடியனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். நான் தமிழில் படித்து டெல்லியில் கட்டினேன், நடுவில் இருக்கிற வெயிலை யோசிக்கவில்லை. யோசித்தவன் நீ ஒருத்தன். உன் வாயை அடைத்தேன்.

எனவே குழுவுக்குச் சொல்கிறேன். பழைய பதிவை அழிக்கமாட்டேன். அழித்தால் நடக்காத மாதிரி ஆகிவிடும். அதன் தலைமேல் இதை ஒட்டிவைக்கிறேன். மாலை போட்ட படத்தைச் செய்தவர் இப்போது என் போட்டோவை வைத்து ஒரு கூலர் படம் செய்யட்டும். செய்யாவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று எடுத்துக்கொள்வேன்.

உனக்குச் சொல்கிறேன். நான் செய்தது பெரிய தப்பு என்பதால் நீ யோக்கியன் ஆகிவிடமாட்டாய். நீ பொய் சொன்னாய். கடைக்காரன் முன்னால் அம்மாவை விட்டுக்கொடுத்தாய். ஈரம் ஏறுகிறது என்று தெரிந்தும் ஒரே ஒரு தடவை முனகிவிட்டு விட்டாயே, மேசையை இழுத்துத் தள்ளியிருக்கவேண்டாமா? உன் மெஷின்தானே? புனேயில் எவனாவது, நான் பெரியவன், எனக்குத் தெரியும் என்று உன் வேலையைக் கெடுத்தால் அங்கேயும் முனகிவிட்டு மூலையில் போய் உட்காருவாயா? சத்தம் போடு. என்னிடமே போட்டிருக்கவேண்டும். அங்கே மெஷினைத் தரையில் வைக்காதே, ஜன்னல் பக்கம் வைக்காதே, மழைக்காலத்தில் சுவரை ஒட்டி வைக்காதே. எதையும் திறப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கு. கம்பளி போட்டுக்கொண்டு போர்டைத் தொடாதே, அது உரசி உடம்பில் ஏறுகிற கரண்டே போர்டைச் சாகடித்துவிடும். முதல் சம்பளத்தில் எவனுக்கும் பார்ட்டி வைக்காமல் நீ கேட்ட அந்த இன்னொரு ரேமை வாங்கிப் போடு, நான் மறித்தது அது.

இப்போது மேசையைப் பார். போர்டு ஒன்று இருக்கும். புதிது இல்லை, என் மெஷினிலிருந்து கழற்றியது. உன் பிராசஸர் அதில் சரியாக உட்காரும், மூன்று தடவை பார்த்துவிட்டேன். என் மெஷின் இப்போது காலிக்கூடு, அதற்காக நீ கண் கலங்கவேண்டாம், எனக்கு மறுபடி லிஸ்ட் போட ஒரு சாக்கு கிடைத்தது. பக்கத்தில் இரண்டு எஸ்எம்பிஎஸ். ஒன்று என் மெஷினில் இருந்தது, ஒன்று நீ மாற்றி வாங்கியது. எதை மாட்டவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லாமல் இருக்க எவ்வளவு பல்லைக் கடிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. மற்ற பாகங்கள் எல்லாம் துடைத்து அதனதன் டப்பாவில் இருக்கின்றன. ஒன்றையும் மாட்டவில்லை. ஒரு ஸ்க்ரூகூடத் திருகவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் உங்கப்பாவையும் இழுத்துக்கொண்டு துவாரகாவில் சித்தி வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் வரமாட்டேன். வீட்டில் இருந்தால் என் கை சும்மா இருக்காது, அதனால்தான் போகிறேன். நீ தனியாகக் கட்டு. பிராசஸரை அழுத்தாதே, வைத்தால் தானாக உட்காரும். முதல் தடவை பட்டனை அழுத்தினதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். அப்போது பயந்து எனக்குப் போன் பண்ணாதே. கொஞ்சம் பொறு. மறுபடி சுற்றும். அது நிற்கிறதுக்கும் மறுபடி சுற்றுகிறதுக்கும் நடுவில் ஒரு மூச்சு பிடிக்குமே, அதற்காகத்தான் ஜனங்கள் ரெடிமேடாக வாங்காமல் இந்தப் பாடெல்லாம் படுகிறார்கள். உன்னுடையதை நான் அன்றைக்கு மூன்று மணிக்குத் திருடிவிட்டேன்.

கட்டி முடித்தால் அப்படியே பெட்டியில் வைத்துத் துணியைச் சுற்றிலும் திணித்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக வை. எனக்குப் போட்டோ அனுப்பாதே. நீ அனுப்பமாட்டாய் என்று தெரியும். உங்கப்பாவுக்கு அனுப்பு. அந்த மனுஷனுக்கு எது ரேம், எது ஃபேன் என்று ஒன்றும் தெரியாது. என்னிடம்தான் கொண்டுவந்து காட்டிக் கேட்பார்.